பச்சைக் காய் தின்ற பிரியாணி மாஸ்டர்

தர்மபுரியில் எனக்கு ஒரு காய்கறிக் கடை. பக்கத்து வீட்டு நூர் பாஷா பாய் பிரியாணி மாஸ்டர். முப்பது வருடமாக அவர் என்னிடம் வாங்கியதெல்லாம் வெங்காயம், தக்காளி, புதினா, கொத்தமல்லிதான். அதுவும் கல்யாண வீடுகளுக்கு, மூட்டை மூட்டையாக. அப்படிப்பட்டவர் போன ஆடியில் ஒரு நாள் காலை வந்து நின்றார்.

"சிவக்குமாரு, ரெண்டு கேரட்டு, ஒரு வெள்ளரி, நாலு கொய்யாக்கா குடு. எனக்குத்தான்."

"உங்களுக்கா? வூட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லைங்களா?"

"எனக்குத்தான்டா சரியில்ல" என்று காலைத் தூக்கிக் காட்டினார்.

கால் கட்டை விரலில் இருந்த புண் ஆற மூன்று மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது, கூடவே ரத்தக் கொதிப்பு. "இந்தப் புண் ஆறிடுச்சு. அடுத்தது ஆறும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாராம் டாக்டர். உப்பைக் குறைக்கச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். பாய் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மாத்திரையை விடாமல், காலையும் மதியமும் பச்சையாகவே சாப்பிட ஆரம்பித்தார். முளைகட்டிய பச்சைப்பயறு, ஊறவைத்த நிலக்கடலை, துருவிய கேரட், தேங்காய்ச் சில்லு. ராத்திரிக்கு மட்டும் ஒரு கேழ்வரகு ரொட்டி. எதிலும் உப்புக் கிடையாது.

ஊர் சும்மா இருக்குமா? "ஊருக்குப் பிரியாணி, பாய்க்குப் புல்லுக்கட்டு" என்று டீக்கடையில் சிரித்தார்கள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் மனைவி ஜான் பீ அக்கா நான்கு நாள் அவரோடு பேசவில்லை. "ஆக்கறதுக்கு ஆளு வேணாமுன்னா நான் எதுக்கு இந்த வூட்ல?" என்று என் மனைவியிடம் அழுதாராம். ஐந்தாம் நாள் அக்காவே பயறை ஊறப்போட்டார்.

நாற்பது நாளில் பாயின் சர்க்கரை நூற்றெழுபதுக்கு இறங்கியது. மாடிப்படி ஏறினால் இரைப்பு இல்லை. மனுஷன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்துவிட்டது. சிரித்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டன.

அப்போதுதான் தொப்பூரில் ஜாவீத் என்பவர் வீட்டுக் கல்யாணம் வந்தது.

பாயின் பிரியாணியில் எல்லாம் உலைத் தண்ணீரில்தான் இருக்கிறது. அரிசி போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து ஊதி, நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பு தூக்கலாக இருக்க வேண்டும். அரிசி பாதி வெந்ததும் தண்ணீரை வடித்துவிடுவார்கள், சோற்றில் ஏறுவது கொஞ்சம்தான். "அளந்து போட்டா என்னங்க பாய்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒவ்வொரு மண்டபத்துத் தண்ணியும் ஒவ்வொரு உப்புடா. போர்த் தண்ணிக்கு அளவு எந்தப் புஸ்தகத்துல இருக்குது?" என்றார். உப்புப் பார்ப்பது அவர் ஒருவர்தான். கூட வேலை செய்யும் ஆண்டி வாயில் எப்போதும் புகையிலை. தன் நாக்கை அவரே நம்ப மாட்டார்.

அன்றைக்கு உலைத் தண்ணீரை வாயில் வைத்ததும் பாய் துப்பிவிட்டார்.

"என்ன ஆண்டி, கடலைக் கொண்டாந்து கொட்டிட்டியா?"

"எப்பவும் போடறதுதானுங்க பாய்."

பாய் ஆண்டியைத் திட்டி, நான்கு வாளி உலைத் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீர் சேர்த்தார். கறி மசாலாவிலும் உப்பைக் குறைத்துவிட்டார். தம் போட்டாயிற்று. முதல் பந்தியிலேயே "உப்பு கொண்டாப்பா" என்று ஒரு குரல். பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் உப்புக் கிண்ணம் வரிசை வரிசையாகக் கைமாறியது. முப்பது வருடத்தில் பாய் பார்க்காத காட்சி.

ஜாவீத் நல்ல மனுஷன். "பரவால்லைங்க பாய், பசங்க கொறைச்சுப் போட்டுட்டாங்களாட்டம்" என்றார்.

"பசங்க இல்லப்பா. எம் மேலதான் தப்பு" என்ற பாய், எல்லார் எதிரிலும் ஆண்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

உப்பில்லாமல் பழகிய நாக்குக்குச் சரியான உப்பும் கரித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பாய் அக்காவிடம், "நாளையிலேர்ந்து எனக்கும் சோறு போடு. உப்பு போட்டே போடு" என்றார். அடுத்த கல்யாணம் வேறு யாருக்கும் இல்லை, அவர் மகள் மெஹக்குக்கு. இன்னும் பன்னிரண்டே நாள். மகள் கல்யாணத்துக்குத் தன் கையால்தான் சமைப்பேன் என்று அவள் பிறந்தபோதே சொன்னவர்.

ஜான் பீ அக்காவின் குரல் எங்கள் வீடு வரை கேட்டது. "உப்பு பாக்க ஊர்ல ஆயிரம் நாக்கு இருக்குதுங்க. எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தருதான். சோறெல்லாம் போட மாட்டேன்!"

மறுநாளும் கொய்யாக்காய்தான் தட்டில் இருந்தது. பாய் அதையே தின்றார். ஆனால் பன்னிரண்டு நாளும் அவருக்குத் தூக்கம் இல்லை.

கல்யாணத்தன்று காலை தேக்சாவில், அந்தப் பெரிய பிரியாணி அண்டாவில், உலை கொதித்தது. பாய் கரண்டியோடு நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போய், பட்டுச் சேலையோடு இருந்த ஜான் பீ அக்காவைக் கூட்டி வந்தார். எங்கள் ஊரில் கல்யாணத் தேக்சா ஆண்களின் இடம். பெண்கள் கிட்டே வருவதில்லை.

"என்ன நூரு, இங்க பொம்பளைங்கள எதுக்குக் கூப்புடற?" என்றார் பெரியவர் ஒருவர்.

"முப்பது வருஷமா எனக்கு உப்பு போட்டவ. அவளுக்குத் தெரியாதது யாருக்குத் தெரியும்?" என்ற பாய், கரண்டியை ஊதி அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்கி, நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "பத்தாது. இன்னும் ரெண்டு கை போடுங்க."

பாய் தானும் ஒரு சொட்டு தொட்டுப் பார்த்தார். முகம் கோணிப்போனது. அவருக்கு அது ஏற்கெனவே கரித்திருக்கும். ஒரு நிமிடம் அக்காவையே பார்த்தார். பிறகு "பிஸ்மில்லா" என்று இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டார்.

பந்தி நடக்க நடக்க பாய் ஒரு தூண் ஓரமாகவே நின்றார். யார் கை தூக்கினாலும் திடுக்கிட்டார். கறி கேட்டார்கள், தயிர் பச்சடி கேட்டார்கள். கடைசிப் பந்தி எழும் வரை யாரும் உப்புக் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் பாய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெண்ணைக் கொடுத்த துக்கம் என்று சொந்தக்காரர்கள் சுற்றி நின்று தேற்றினார்கள். அவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். எதற்கு அழுகிறார் என்று ஜான் பீ அக்காவுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளரிக்காயை நறுக்கிக் கொடுத்தார்.