தட்டில் இருந்த வாதுமைப் பூ

ஜெர்பாத் தீவின் யூதத் தெருவில் கஸாலாவின் அடுப்படிதான் அவள் பிள்ளைகளுக்கு முதல் பள்ளிக்கூடம். மூத்தவன் பின்ஹாஸுக்கு வேதம் ஓதிக் கொடுக்க ரப்பி இருந்தார். ஆனாலும் பண்டிகை ஏன் வருகிறது, கடவுள் நம்மை எப்படி மீட்டார் என்பதையெல்லாம் தன் வாயால் சொன்னால்தான் அவளுக்கு மனம் ஆறும்.

எகிப்திலிருந்து மீண்டதைக் கொண்டாடும் பஸ்காவுக்கு முந்தின நாள். கஸாலா பச்சை அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மகள் துர்கியா பித்தளைத் தட்டைத் தூக்கி, மறுநாள் இரவுப் பண்டிகை விருந்தில் அப்பா சுற்றப்போவதுபோல் எல்லார் தலைக்கு மேலும் சுற்றினாள். "அவசர அவசரமா எகிப்தை விட்டு வந்தோம்..." தட்டு பின்ஹாஸின் மண்டையில் இடித்தது.

"மெதுவாடி. எகிப்துக்காரன் அடிச்சதே தேவலை" என்றான் அவன்.

கஸாலா சிரித்தபடி கதையைத் தொடர்ந்தாள். எகிப்தில் தலைச்சன் பிள்ளைகள் செத்தார்கள், நம்முடையவர்கள் தப்பினார்கள். அதனால் நம் தலைச்சன்கள் கடவுளுக்குச் சொந்தம். ஆசாரியரிடம் வெள்ளி கொடுத்துத்தான் தகப்பன் மீட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் எல்லாருக்கும் பிடித்த இடம், இதே வீட்டில் நடந்த மீட்பு. பிள்ளையைத் தட்டில் கிடத்தித் தெருப் பெண்கள் தங்கள் வளையலைக் கழற்றிச் சுற்றிலும் வைத்தது, நாலு பக்கமும் வாதுமைப் பூ. "பிள்ளை வேணுமா, வெள்ளி வேணுமா?" என்று ஆசாரியர் கேட்டு முடிக்குமுன்பே, "பிள்ளை" என்று அவள் புருஷன் கலாபோ கத்தியது. வருஷா வருஷம் இந்த இடத்தில் பின்ஹாஸின் நெஞ்சு நிமிரும்.

"நாளைக்கு அப்பாவோட நானும் தலைச்சன் நோன்பு. எனக்குத்தான் பதிமூணு ஆயிருச்சே" என்றான். கலாபோவும் அவன் வீட்டில் தலைச்சன்; பண்டிகை இரவுக்கு முந்தின பகலில் தலைச்சன்கள் பட்டினி இருப்பார்கள்.

துர்கியா தட்டை இறக்கினாள். "நீ பொறந்தது கூடாரப் பண்டிகையில. பொறந்த ஒரு மாசத்துல மீட்கணும்னா அது ஒலிவம் பறிக்கிற காலம். வாதுமை பூக்க அப்புறமும் ரெண்டு மூணு மாசம் இருக்கே, பூ எங்கேருந்து வந்துச்சு?"

"உன் மண்டையிலேருந்து."

இருவரும் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார்கள். கஸாலாவின் கை நின்றிருந்தது.

காகிதப் பூ என்று சொல்லித் தப்பியிருக்கலாம். செத்த பிள்ளையின் பேச்சை எடுத்தால் இருக்கிறவனுக்குக் கண்ணேறு என்று பின்ஹாஸ் பிறந்த அன்றே மாமியார் வாயை அடைத்திருந்தாள். ஆனால் நாளைக்கு இவன் தனக்கில்லாத இடத்தில் நின்று கடவுள் முன்னால் பட்டினி கிடப்பானே.

"அது நீ இல்லடா."

பின்ஹாஸ் பேயறைந்தவன்போல் ஆனான். "அப்ப யாரு?"

"உனக்கு முன்னாடி ஒருத்தன். வாதுமை பூக்கையில மீட்டோம். அந்தப் பூ உதிர்றதுக்குள்ள காய்ச்சல் கொண்டுபோயிருச்சு."

அவரைத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்த கடைக்குட்டித் தம்பி கேட்டான்: "அப்ப வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தாங்களா?"

"கொடுக்கல. நாங்களும் கேக்கல."

அந்நேரம் பார்த்துக் கலாபோ உள்ளே வந்தான். "சொல்லிட்டேன்" என்றாள் அவள். அவன் காலில் இருந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பிள்ளைதான் வேணும்னு சொன்னீங்களேப்பா. வெள்ளியும் கொடுத்தீங்க. அப்புறம் என்ன மீட்பு?" பின்ஹாஸ் கேட்டான்.

கலாபோ மனைவியைப் பார்த்தான். கஸாலாதான் சொன்னாள்: "எனக்குத் தெரியாதுடா. தெரியாததை நான் சொல்லித் தரமாட்டேன். எகிப்தைத் தெரியும், சொன்னேன். நாளைக்கும் சொல்லுவேன்."

விடிந்ததும், பண்டிகை நாட்களில் ஆகாத புளித்த ரொட்டியின் கடைசித் துண்டையும் ஒரு முட்டையையும் மகன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை.

"நான் அப்ப யாரு?"

"பின்ஹாஸ். உன்னை எவனும் தட்டுல வெச்சு விலை கேக்கல. சும்மா வந்தவன், எனக்குன்னே வந்தவன். சாப்பிடு."

"அவன் பேரு என்ன?"

அந்த வீட்டில் பின்ஹாஸ் பிறந்ததிலிருந்து எழாத பெயர். "ரஹ்மீன்."

"அவனுக்கு யாரும்மா நோன்பு இருக்கிறது?"

"சின்னப் பிள்ளைன்னா பெத்தவங்கதான் இருக்கணும்; தகப்பனும் தலைச்சன்னா தாய்தான். அவன் சின்னவனாவே இருந்துட்டானே."

துர்கியாவின் கையிலிருந்த குவளை சாய்ந்தது. "அம்மா... வேலை தலைக்கு மேல கிடக்கு, ஒரு வாய் எங்க இறங்குதுன்னு இந்த நாள்ல வருஷா வருஷம் சொல்லுவியே. அது நோன்பா?"

கஸாலா சிந்திய தண்ணீரைத் துடைக்கக் குனிந்தாள். வாசலில் நின்ற கலாபோ உள்ளே வந்தான். "எங்கிட்டக்கூடச் சொல்லலியே."

"நீங்க கேக்கல."

பின்ஹாஸ் முட்டையை உடைத்தான். ஒரு பொருக்குகூட மிச்சம் வைக்காமல் ரொட்டியைத் தின்று முடித்தான்.

அன்று இரவு கலாபோ தட்டைத் தூக்கி ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒருமுறை சுற்றினான். கஸாலாவின் தலைக்கு மேல் ஒரு சுற்று முடிந்தும் தட்டு நகரவில்லை. நின்று, இன்னொரு சுற்றுச் சுற்றியது.

"அம்மாவுக்கு மட்டும் ரெண்டு..." என்று ஆரம்பித்த கடைக்குட்டியின் வாயைத் துர்கியா பொத்தினாள்.