தோழன் வராத கலியாணம்

ஹரோவில் பிறந்தநாள், ஸ்ட்ரெதமில் வீடு குடிபூரல், எங்கே போனாலும் யாராவது ஒருவர் மட்டன் ரோல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்ப்பார். பிறகு கேட்பார்.

"தம்பிதானே அக்காட கலியாணத்துக்கு வராமல் பந்தடிச்ச ஆள்?"

"ஓம்," என்பேன்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன். கேட்டவருக்கு அதுதான் எரியும். நான் தலையைக் குனிந்து, "அது ஒரு பிழை அங்கிள், அந்த வயசில விளங்கேல்லை" என்று முனக வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார். ஆறு வருடமாக நான் முனகவில்லை. பிழை விட்டேன்தான், இல்லை என்று சாதிக்கவில்லை. ஆனால் இவர்கள் நினைக்கிற பிழை அல்ல அது.

நான் வளர்ந்தது லண்டனில், வால்தம்ஸ்டோவில். பதினாறு வயதில் ஆறடி இரண்டு அங்குலம். அப்பா என்னைப் பார்ப்பார், கதவு நிலையைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். கூடைப்பந்தில் நான் பெரிய விண்ணன் இல்லை. பந்தைக் கூடைக்குள் போடுவது என் வேலையாக இருந்ததே கிடையாது. மற்றவனைப் போட விடாமல் மறிப்பதுதான் என் வேலை. அவன் எங்கே திரும்பினாலும் அங்கே நிற்பேன், அவனுக்கு விசர் பிடிக்கும் வரைக்கும் நிற்பேன். இந்த ஒரு குணத்தை நம்பி, கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம் கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்து என்னை எடுத்தது.

அப்பா சம்மதித்ததற்குக் காரணம் 'கனடா' என்ற ஒற்றைச் சொல். எங்கள் ஆட்களுக்குக் கனடா என்றால், எங்கள் சனம் குவிந்து கிடக்கிற ரொறன்ரோவின் ஸ்காபரோ. நான் போய் இறங்கிய கிழமையே ரொறன்ரோவிலிருந்து மாமி போன் எடுத்தா. "பின்னேரம் வந்து புட்டுச் சாப்பிட்டிட்டுப் போவன்." விமானத்தில் இரண்டு மணித்தியாலம் மாமி என்றேன். "அப்ப ஏன் அங்க போனனி?" என்றா.

எங்கள் லீக்கில் எட்டு அணிகள். பெப்ரவரி கடைசியில் முதல் ஆறு அணிகளும் இறுதிச்சுற்றுக்குப் போகும். வெள்ளி, சனி, ஞாயிறு, ஒரே நகரத்தில், ஒரே அரங்கில். ஞாயிறுதான் ஃபைனல். நான் போன நாளிலிருந்து நாலு வருடமும் நாங்கள் ஏழாவதாக வந்தோம், இல்லாவிட்டால் எட்டாவதாக வந்தோம். ஐந்து மணித்தியாலம் பனிக்குள் பஸ்ஸில் போய், தோற்று, ஐந்து மணித்தியாலம் திரும்பி வருவோம். நான் பெஞ்சில் இருந்த நேரத்தை எல்லாம் சேர்த்தால் இன்னொரு பட்டம் படித்திருக்கலாம்.

ஐந்தாவது வருடம் எனக்குக் கடைசி. அதற்கு முந்தைய கோடையில் அக்கா போன் எடுத்தாள். அவளுடைய கலியாணம் முற்றாகியிருந்தது. மாப்பிள்ளை தமிழ்நாட்டுக்காரர், மதுரைப் பக்கம், லண்டனில் ஐடியில் வேலை.

"மண்டபம் கிடைச்சிட்டுது. ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்காம். ஐயர் அண்டைக்கே நல்ல நேரம் பாத்துத் தாறன் எண்டிட்டார்."

லண்டனில் எங்கள் வழக்கம் அதுதான். முதலில் மண்டபம், அதற்குப் பிறகுதான் கிரகங்கள். மண்டபக்காரர், ஐயர், சமையல், கமரா, ரொறன்ரோ மாமியின் லீவு, எல்லாம் கேட்டு முடிந்துவிட்டது. கடைசியாக என்னிடம் வந்திருந்தாள்.

"உனக்கு அண்டைக்கு ஏதும் இருக்கோ?"

எங்கள் போட்டி அட்டவணையைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. "அண்டைக்குத்தான் ஃபைனல். அங்க நாங்கள் போனால்தானே. நீங்கள் புக் பண்ணுங்கோ அக்கா."

என் பிழை இதுதான். நாலு வருடம் ஒன்றாக வியர்வை சிந்திய பெடியன்களை நான் ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. இதற்கு நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், கேட்க வேண்டிய ஆட்களிடம், அந்த அணிக்காரரிடம்.

எங்கள் கலியாணங்களில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். மண்டப வாசலில் செம்புத் தண்ணீரால் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிப் போவான். மாப்பிள்ளை அவன் விரலில் ஒரு மோதிரம் போடுவார். அந்த மோதிரத்தைவிட, "இவன்தான் பெண்ணின்ர தம்பி" என்று சபைக்கு முன்னால் நிற்கிற அந்த ஐந்து நிமிடம்தான் பெரிது. அக்காவுக்கு நான் ஒரே தம்பி. வியாழக்கிழமை விமானத்துக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று.

ஜனவரியில் எங்கள் அணிக்குக் காய்ச்சல் வந்தது. முதல் ஐந்து பேரில் நாலு பேர் படுத்துவிட்டார்கள். கோச் வேறு வழியில்லாமல் பெஞ்சில் இருந்த எங்களை இறக்கினார். எங்களுக்குப் பந்து போட வராது. அதனால் மற்றவர்களையும் போட விடவில்லை. பார்க்கச் சகிக்காத ஆட்டம். ஆனால் வென்றோம். அடுத்த கிழமையும் வென்றோம். காய்ச்சல்காரர் எழும்பி வந்து, எங்களைப் பார்த்து அவர்களும் மறிக்கப் பழகினார்கள். நவம்பரில் வெறுமையாகக் கிடந்த அரங்கில் பெப்ரவரியில் நிற்க இடமில்லை. லீக்கின் கடைசிச் சனிக்கிழமை ஒரே ஒரு பந்தால் வென்று ஆறாவது இடத்துக்கு வந்தோம்.

உடைமாற்றும் அறையில் எல்லோரும் குதித்தார்கள். எவனோ என் தலையில் தண்ணீர் ஊற்றினான். நான் ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவர்களைவிட நான்தான் அந்த ஆட்டத்துக்காக அதிகம் ஓடியிருந்தேன், என் அக்காவின் கலியாணத்தை நானே குழப்புவதற்கு.

அடுத்த நாள் அப்பா போன் எடுத்தார்.

"பந்தோ, அக்காவோ?"

"அப்பா, இது கடைசி வருசம். இனி எனக்கு இந்த..."

"தோழன் நிக்க ஆளில்லாத வீடோ எங்கட வீடு? நீ வராட்டி சித்தப்பாட மகனை நிப்பாட்டுவன். பிறகு தம்பி எண்டு சொல்லிக்கொண்டு என்ர வாசலுக்கு வரக்கூடாது."

போனை வைத்துவிட்டார். அன்றிரவே கோச்சிடம் போய், நான் லண்டன் போகிறேன் என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. குடும்பம்தான் முதலில் என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அக்காவுக்குச் சொன்னேன். "வாறன் அக்கா. எல்லாம் சரி. கோச்சிட்டச் சொல்லிட்டன்."

"நீ வந்து பார். வாசலிலேயே திருப்பி அனுப்புவன்."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரலில் இருந்தது கோபம், பழைய கோபம்.

"எனக்குப் பதினேழு வயசு, உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியேல்லை. தடை ஓட்டத்தில லண்டன் ஃபைனலுக்கு வந்தனான். அண்டைக்குத்தான் பெரியப்பாட மகளுக்குக் கலியாணம். அப்பா என்ன சொன்னவர்? ஓட்டம் அடுத்த வருசமும் வரும் எண்டார். வரேல்லை. அடுத்த வருசம் எனக்குக் கால் பிசகிப் போச்சு. அந்தக் கலியாணத்தில நான் என்ன செய்தனான் தெரியுமோ? வாசலில நிண்டு பன்னீர் தெளிச்சனான். மூண்டு மணித்தியாலம். இப்ப அந்தக் கலியாணமும் இல்லை, ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டினம்."

"அக்கா, தோழன்..."

"அது என்ர பிரச்சினை. நீ போய் உன்ர ஆளை மறி."

மறித்தேன். வெள்ளி வென்றோம். சனி வென்றோம். எங்களை விட நல்ல அணிகள் இரண்டு தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போயின.

ஞாயிறு லண்டனில் காலை ஒன்பது மணி என்றால் எனக்கு விடியற்காலை ஐந்து. ரொறன்ரோ ஆட்கள் பார்ப்பதற்காகக் கமராக்காரர் நேரலைக்கு ஒரு லிங்க் அனுப்பியிருந்தார். ஹோட்டல் அறையில் என்னோடு இருந்த அணிக்காரன் நித்திரை. நான் குளியலறைக்குள் போய், கதவைச் சாத்தி, தொட்டியின் விளிம்பில் இருந்து போனில் பார்த்தேன்.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். மேளம் அடித்தது. சித்தப்பாவின் மகன் புது வேட்டியும் தலைப்பாகையுமாகத் தயாராக நின்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அப்பா சொல்லியிருந்தார், நின்றான். ஐயர் தோழனை வரச் சொன்னார். அப்பா அவனுக்குக் கையைக் காட்டினார். அப்போது மாப்பிள்ளை குனிந்து, தட்டில் இருந்த செம்பைத் தானே எடுத்துவிட்டார்.

"வேண்டாங்க மாமா. தம்பி இடத்துல யாரும் நிக்கக் கூடாதுன்னு உங்க பொண்ணு சொல்லிட்டாங்க. யாராவது நின்னா ரூமை விட்டு வெளிய வரமாட்டாங்களாம். நானே கழுவிக்கிறேன்."

ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். வலது காலில் தண்ணீர் ஊற்றினார். பிறகு இடது காலில். எங்கள் சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தன் கலியாணத்தில் தன் காலைத் தானே கழுவின மாப்பிள்ளையை யாரும் கண்டிருக்கவில்லை. மேளக்காரர் ஒரு கணம் அடிக்க மறந்துவிட்டார்.

"ஐயரே, முடிஞ்சுது. உள்ள போலாமா?"

கமரா அப்பாவின் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து லிங்க் சிக்கிக்கொண்டது. அப்பாவின் முகம் திரையில் அப்படியே நின்றது, அரைவாசி கோபம், அரைவாசி என்னவென்று எனக்குத் தெரியாதது. குளியலறைத் தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதேன். வெட்கப்பட்டு அழவில்லை. எனக்காக ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அழுதேன்.

ஃபைனல் எங்கள் நேரம் இரண்டு மணிக்கு. லண்டனில் ஆறு, மண்டபத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எதிரணியில் ஒரு நெட்டையன், அந்த லீக்கிலேயே அதிகம் பந்து போடுகிறவன். கடைசிப் பகுதியில் கோச் என்னைப் பார்த்து அவனைக் காட்டினார். இறங்கினேன். அவன் சாப்பிட்ட வாசம் எனக்கு மணக்கிற தூரத்தில் நின்றேன். முடியும் தறுவாயில் சமநிலை. அவன் எழும்பினான், நானும் எழும்பினேன், நடுவர் விசில் ஊதினார். என் மேல் ஃபவுல். என் கை படவில்லை. அதற்குப் பிறகு என்னை வெளியே எடுத்துவிட்டார்கள். பெஞ்சில் இருந்து, அந்த ஃபவுலுக்காக அவனுக்குக் கொடுத்த இரண்டு பந்தும் உள்ளே விழுவதைப் பார்த்தேன். தோற்றோம்.

பட்டத்தை எடுத்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்பினேன். வாசலுக்கு வராதே என்ற அப்பா கதவைத் திறந்தார், விலகி வழி விட்டார். பொய்லர் பற்றிக் கதைப்பார், கார் இன்சூரன்ஸ் பற்றிக் கதைப்பார், கவுன்சில் குப்பைத் தொட்டி பற்றி அரை மணித்தியாலம் கதைப்பார். அந்த ஞாயிறு பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. அவருக்குப் பிறந்தவன்தானே நானும். மோதிரம் அத்தானின் சின்ன விரலில் இருக்கிறது. "கழுவினவனுக்குத்தான் மோதிரம்," என்று இன்றைக்கும் என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டுவார்.

போன மாதம் அக்காவின் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். ஹரோவில், ஞாயிறு மத்தியானம். மேசைக்குப் பக்கத்தில் நான், அக்கா, சித்தப்பா. அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ட்ரேயில் இருந்து சோறு அள்ளிக்கொண்டிருந்தார். சித்தப்பா தொடங்கினார். தன் மகனை வேட்டியோடு வாசலில் நிற்க வைத்துவிட்டதை அவர் மறக்கவில்லை, அது அவருடைய நியாயம்.

"இண்டைக்குப் பந்து இல்லையோ?"

"இல்லை சித்தப்பா."

"நானும் கேக்கவேணும் எண்டிருந்தனான். அவ்வளவு பெரிய கலியாணத்தை விட்டிட்டு நிண்டனி. வெண்டியோ எண்டா அதுவும் இல்லை. பெஞ்சில இருந்தனி எண்டுதானே கேள்வி. எவ்வளவு நேரம் விளையாடினனி?"

"கொஞ்ச நேரம்," என்றேன்.

"ஆறு நிமிசம் இருபது செக்கன்."

சொன்னது அப்பா. திரும்பவில்லை. சோறு அள்ளும் கை மட்டும் நின்றிருந்தது.

"அதுக்குள்ள அந்த நெட்டையன் ஒரு பந்தும் கூடைக்குள்ள போடேல்லை. கடைசியாக் குடுத்த ஃபவுல் அநியாயம். இவன்ர கை படவே இல்லை. நான் நெட்டில திருப்பித் திருப்பிப் பாத்தனான்."

ஆறு வருடம். இந்த மனுசன் அன்றைக்கு மாலை, பட்டு வேட்டியோடு, எந்த மூலையில் இருந்து பார்த்தாரோ. எத்தனை தரம் பார்த்தால் செக்கன் கணக்கு மனதில் நிற்கும். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திவிட்டாள். கையில் கேக் வெட்டும் கத்தி. குரலை உயர்த்தவில்லை.

"நல்லது அப்பா. என்ர ஓட்டத்துக்கும் இப்பிடி ஒரு செக்கன் கணக்கு வைச்சிருக்கிறீங்களோ?"

அத்தான் மகளைத் தூக்கிக்கொண்டு பலூன்கள் பக்கம் போனார். அப்பா கரண்டியை ட்ரேயில் வைத்தார். திரும்பி அக்காவைப் பார்த்தார், என்னை அல்ல.

"இல்லை," என்றார். பிறகு, "அது பிழை. நான் உன்னை ஓட விட்டிருக்கவேணும்."

சித்தப்பா கையில் இருந்த ரோல்ஸைக் கடிக்கவில்லை. ஆறு வருடமாக எங்கள் வீட்டிலிருந்து 'பிழை' என்ற அந்தச் சொல் வரவேண்டும் என்று காத்திருந்தவர் அவர். வந்தது. ஆனால் என் வாயிலிருந்து வரவில்லை, என் ஆட்டத்துக்காகவும் வரவில்லை.