எட்டு ராடு ஆழம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் புனேயில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் என்று பெரிய பெரிய என்ஜினீயர்கள் என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர்வெல் லாரியில் கூலியாக வந்தவன், துளை போடும் இரும்பு ராடு தூக்கித் தூக்கித் தோள் காய்த்து, ஆறே வருஷத்தில் சொந்த வண்டி வாங்கினேன். யாரும் கைதூக்கி விடவில்லை.

சொந்த வண்டியில் போட்ட முதல் போர், புனேயை ஒட்டிய கராடியில். தொண்ணூறுகளின் தொடக்கம், அப்போது அங்கே சோளக்காடுதான். நிலக்காரர் ஒருவர் காட்டோரம் வரிசையாகப் பத்து வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு ராடு இருபது அடி. எட்டாவது ராடு இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சியது. அடிபம்பு மாட்டினோம். மறுநாள் போய்ப் பார்த்தால் நிலக்காரரின் மனைவி குடத்தோடு நிற்கிறார்; அவருக்கு முன்னால், அவர்கள் காட்டில் களை எடுக்கிறவள். நானும் அதில்தான் முகம் கழுவினேன். அவர்களுக்கு மாடு உண்டு, மாடி வீடு உண்டு, எங்களுக்கு இல்லை. ஆனால் தண்ணீர் எல்லோருக்கும் எட்டு ராடு ஆழத்தில்தான் இருந்தது.

அந்த வரிசையில் சேலத்துப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். புருஷனுக்குக் கட்டட வேலை. இவள் இட்லி மாவு அரைத்து விற்பாள். அந்தப் பக்கம் போனால் எனக்கு டீ கொடுக்காமல் விடமாட்டாள்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நானே நம்பமாட்டேன். சோளம் நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நின்றன. நம் ஊர்க் கம்ப்யூட்டர் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். நிலக்காரர் காட்டை விற்று, அங்கே எழும்பிய அடுக்குமாடியிலேயே பன்னிரண்டாவது மாடியை எடுத்துக்கொண்டார். எனக்கு வண்டி மூன்றானது. பத்து வீட்டு வரிசை மட்டும் கட்டடத்தின் மதிலை ஒட்டி அப்படியே கிடந்தது. சேலத்துக்காரியும் அதே வீட்டில், அதே கிரைண்டரோடு.

அடுக்குமாடிக்குப் போர் போடவும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? வண்டியைப் பார்த்ததும் அவள் டீயோடு வந்தாள். மேலே குடிவரப்போகும் தமிழ் வீடுகளுக்கெல்லாம் மாவு கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒரே ஒரு சந்தேகம்தான் அவளுக்கு.

“ஏனுங்கண்ணா, இவங்க அத்தன ஆழம் போனா நம்ம பம்புல தண்ணி நிக்குங்களா?”

“அது வேற ஊத்து, இது வேற ஊத்து அம்மிணி. நடுவுல செம்மண்ணு கெட்டியா கெடக்குது. நாஞ் சொல்றனல்ல.”

என் வார்த்தையை நம்பி டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

கருங்கல், செம்மண், மறுபடி கருங்கல். முப்பதாவது ராடில் கல் மாவோடு வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் வந்து விழுந்தன. கையில் எடுத்தால் கற்கண்டு மாதிரி மின்னின. இந்த ஊர் முளைப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்து அது யாரும் பார்க்காமல் அங்கே கிடந்திருக்கிறது. முதல் ஆளாக அதைப் பார்த்தவன் நான். முப்பத்து நாலாவது ராடில் தண்ணீர் மூன்றாள் உயரம் எழும்பியது. கட்டடத்து ஆட்கள் கை தட்டினார்கள்.

மூன்றாவது வாரம் அவள் ஆள் அனுப்பினாள். போனேன். பம்பை அடித்தேன், காற்றுதான் வந்தது. வாசலில் ஊறப்போடாத அரிசி மூட்டை. அவள் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். ஏசியிருந்தால் தேவலை.

மதிலுக்கு அந்தப் பக்கம் போனேன். அடுக்குமாடியின் போரில் இன்னும் மோட்டார் இறக்கவில்லை. மூடியைத் திறந்து காதை வைத்தேன். கீழே எங்கோ தண்ணீர் சொட்டவில்லை, அருவியாய் விழுந்துகொண்டிருந்தது. நடுவில் கெட்டியாகக் கிடந்த செம்மண்ணைத் துளைத்தது நான்தானே? பக்கத்துத் தண்ணீர் துளைக்குள் விழாமல் தடுக்கும் குழாயை மேல்மண் வரைக்கும்தான் இறக்கியிருந்தேன், எல்லோரும் செய்கிற மாதிரி. அதற்குக் கீழே எட்டாவது ராடின் தண்ணீர் அந்தத் துளை வழியாக முப்பத்து நாலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ போர் போட்டிருக்கிறேன், அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. வெகுநேரம் காதை எடுக்கவில்லை.

ஆழம் வரை குழாய் இறக்கி அடைத்துத் தருகிறேன், என் செலவு என்றேன். வரத்து குறையும், வேண்டாம் என்றார் கட்டடக்காரர். சரி, அவள் போரையே காசு வாங்காமல் ஆழப்படுத்துகிறேன் என்று வண்டியைக் கொண்டு வந்தேன். முன்பு லாரி நேராகப் போன இடம் அது. இப்போது மதில் எழும்பி ஆறடிச் சந்தாகிவிட்டது. எழுநூறு அடி கீழே போகிற என் வண்டியால் அந்தச் சந்துக்குள் போக முடியவில்லை.

கடைசியில் கட்டடக்காரரிடம் கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியதில்லை. மதிலில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார், காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர். தன் தாராள மனசை அவரே மெச்சிக்கொண்டார்.

முதல் நாள் நானும் போயிருந்தேன். பத்து வீட்டுக் குடமும் வரிசையில் இருந்தது. இந்தத் தடவை நிலக்காரர் வீட்டுக் குடம் இல்லை. அவள் முறை வந்தது. நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நம்ம தண்ணிதானுங்கண்ணா. கீழ போயி, சுத்தி வருது.”

அன்று அவள் டீ கொடுத்தாள். குடித்தேன்.