நாங்களே போட்ட தரை

வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுப்பி ஒரு கதவு வைத்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் துபாயில் இருக்கிறார். அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, போன வருஷம் தன் பக்கத்துக்கு வெள்ளை டைல்ஸ் போட்டாள். குனிந்தால் முகம் தெரியும். என் பக்கமோ பொரிந்துபோன சிவப்புச் சிமெண்ட் தரை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் மகளுக்குப் பூ வைக்க வருவதாக மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பினார்கள். மகள் யோசிக்கவே இல்லை.

"சித்தி ஹால்லயே வச்சுக்குவோம்மா. போட்டோ நல்லா விழும்."

பெற்றவள் நான் இருக்க, பூ வைப்பது அவள் ஹாலிலா? அவர்கள் வருவதற்குள் என் ஹாலுக்கும் டைல்ஸ் போட்டே ஆகவேண்டும் என்று நின்றேன்.

கொத்தனார்கள் யாருக்கும் கை ஒழியவில்லை. "போன்ல பாத்து நாமளே போட்டுருவோம்" என்றார் என் கணவர். புதுக்கோட்டைக்குப் போய் டைல்ஸ் எடுத்தோம். அவளுடையதைவிட ஓர் அளவு பெரியதாக எடுத்தேன், வேண்டுமென்றேதான்.

பழைய தரையை மேலாகக் கொத்திவிட்டு அவர் பசை குழைத்துப் பரப்புவார். வீட்டிலிருந்த ஒரே ஜமுக்காளத்தை முட்டிக்கு மடித்துப் போட்டுக்கொண்டு நான் டைல்ஸைப் பதித்து ரப்பர் சுத்தியலால் தட்டுவேன். அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று கொஞ்சம் ஓங்கியே தட்டினேன். கேட்டுவிட்டு அவள் நடுக்கதவு வழியாக டீயோடு வந்தாள்.

"நீங்களேவா போடுறீங்க? எனக்கெல்லாம் இந்தத் தெம்பு வராதுக்கா."

மனசாரத்தான் சொன்னாள். எனக்குக் குத்தலாகவே கேட்டது.

சுவரோரம் கடைசி வரிசை மட்டும் கோணிக்கொண்டு போனது. அதைவிடப் பெரிய கோளாறு நடுக்கதவில் வந்தது. அது எங்கள் பக்கம் திறக்கிற கதவு. தரை உயர்ந்தால் கதவு இடிக்கும் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மூடியிருந்த கதவு மூடியபடியே நின்றுவிட்டது.

"ஆசாரியக் கூப்புட்டு அடியில சீவிறலாம்" என்றார் இவர்.

"விசேஷம் முடியட்டும்" என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். இனி அவள் விருந்தாளி மாதிரி தெருவைச் சுற்றித்தான் வரவேண்டும்.

பூ வைக்கிற அன்று விடிந்ததிலிருந்து தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை வீட்டு வேன் முக்கில் திரும்பும்போதுதான் ஓரகத்தி தெருவழியாக வேகமாக வந்தாள். தோளில் சுருட்டிய ஜமுக்காளம்.

"என்னக்கா, நல்ல காரியத்துக்கு வர்றவுகளை வெறுந்தரையிலயா உக்கார வைக்கிறது?"

எங்கள் ஜமுக்காளம் பசை காய்ந்து விறைத்துப்போய்க் கொல்லையில் கிடந்தது. அவள் தன்னுடையதை உதறி விரித்தாள். ஹால் முழுக்க மூடிவிட்டது. சுவரோரம் கோணல் வரிசை மட்டும் வெளியே தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததும் கையால் தடவிப் பார்த்தார்.

"நல்லா கனமா இருக்கே. எங்க எடுத்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், பூவுக்குத் தலை குனிந்து உட்கார்ந்திருந்த என் மகள் நிமிர்ந்து சிரித்தாள்.

"எங்க சித்தியோடதுங்க."