எட்டடிக் கதவு

குளியலறைக்கு எட்டடி அகலத்தில் கதவு வைத்து ஒரு வீட்டுக்கு வரைபடம் போட்டது நான்தான். திருவாரூரில் இருக்கும் ஒரு கட்டட இன்ஜினீயர் தாளில் கிறுக்கிப் போட்டோ எடுத்து அனுப்பும் அளவுகளைக் கம்ப்யூட்டரில் சுத்தமான வரைபடமாக்கிக் கொடுப்பது என் வேலை. அவர் எழுதியிருந்தது மூன்று. நான் படித்தது எட்டு. மேஸ்திரி அவருக்குப் போன் போட்டு, டிராக்டரையும் உள்ளே விட்டுக் குளிப்பாட்டப் போகிறார்களா என்று கேட்டாராம். இதைச் சொல்லி இன்ஜினீயர் நன்றாகச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அடுத்து வரும் கல்யாண மண்டப வரைபடத்தில் இப்படி ஒரு தப்பு வந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று அதே குரலில் சொன்னார். வெள்ளிக்கிழமை மண்டபத்தை அனுப்ப வேண்டும்.

வரைபடம் போடுவது கல்யாணத்துக்கு முன்பு நான் படித்த படிப்பு. பதினைந்து வருஷம் சோறு வடித்துக் கொட்டிய பிறகு, பூதலூரில் எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறையில் ஒரு மேஜையைப் போட்டு மறுபடி ஆரம்பித்திருந்தேன். அறையில் மூட்டை பாதி, நான் பாதி. காலையில் அந்த நாற்காலியில் போய் உட்காரும்போது எனக்கு வரும் திமிர் இருக்கிறதே, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

கோளாறு எல்லாம் பெரிய மானிட்டர் வந்த பிறகுதான். லேப்டாப்பில் வரைவது, பக்கத்தில் மானிட்டரில் இன்ஜினீயரின் கிறுக்கலைப் பெரிதாக வைத்துப் பார்ப்பது என்று திட்டம். வந்த முதல் நாளே மவுஸ் தகராறு செய்தது. ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. திரையில் திறந்திருந்த ஜன்னலை இழுத்துக்கொண்டு போனால் அங்கே போய் அளவு மாறியது. அந்த நேரம் பார்த்து வயலிலிருந்து வந்த என் வீட்டுக்காரர், காலில் சேறு இருந்ததால் வாசற்படியிலேயே நின்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லம்மா. மட்டம் பண்ணிவிடு, தானா ஓடும்."

இங்கே வாழ்க்கைப்பட்டவளுக்கு இதில் சந்தேகம் வருமா? பரம்படித்து மட்டமாக்காத வயலில் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கும், ஒரு பக்கம் காயும். அது எனக்கு மனப்பாடம். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். திரையில் எத்தனை புள்ளி என்று சொல்லும் ரெசல்யூஷன் லேப்டாப்புக்குச் சின்ன எண், மானிட்டரின் எண் பெரிது. மேட்டை வெட்டிப் பள்ளத்துக்குச் சமமாக்குவது போல, மானிட்டரின் எண்ணைக் குறைத்து லேப்டாப்பின் எண்ணையே அதற்கும் போட்டேன். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் எங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு காப்பி குடித்தோம்.

மங்கல் அன்றைக்கே வந்திருக்க வேண்டும். எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரிந்த சந்தோஷத்தில் நான் கவனிக்கவில்லை. எட்டடிக் கதவுக்குப் பிறகுதான் மூக்கு ஒட்டுகிற மாதிரி போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்தில் பஞ்சு பிரிந்திருந்தது. திரையைத் துடைத்தேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டைக்கூடச் சுரண்டி எடுத்தேன். கடைசியில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மங்கலாகத் தெரிகிறதா பாருங்கள் என்றேன். அவர் பழையபடி வாசற்படியிலேயே நின்று, நல்லாத்தானே தெரியுது என்றார்.

அப்படியானால் என் கண்தான். வெள்ளெழுத்து என்ற வார்த்தையை வீட்டில் முதலில் சொன்னவரும் அவர்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பத்திரண்டு வயதில் அதை ஒப்புக்கொள்வதைவிட எட்டடிக் கதவை ஒப்புக்கொள்வது சுலபமாக இருந்தது. ஆனாலும் ரயிலேறித் தஞ்சாவூருக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். பரிசோதித்தவர், இப்போதுதான் ஆரம்பம், படிக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு கண்ணாடி கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதைப் போட்டுக்கொண்டு மானிட்டரைப் பார்த்தேன். மங்கல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

அன்று சாப்பிடும்போது வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "கண்ணைக் கெடுத்துக்கிட்டு இந்த வேலை எதுக்கும்மா? விட்டுடேன்." கரிசனத்தோடுதான் சொன்னார். அதனால்தான் என்னால் சண்டைகூடப் போட முடியவில்லை. விட்டுவிடலாம் என்றே முடிவுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை காலை, இன்ஜினீயரிடம் சொல்லிவிடுவதற்கு முன், ஒரு சாட்சிக்காக மானிட்டர் திரையை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பி, இவ்வளவு மங்கலாகத் தெரிந்தால் யார்தான் சரியாகப் படிப்பார்கள் என்று கேட்டேன். பளிச்சென்றுதானே இருக்கிறது என்று பதில் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதே படத்தை லேப்டாப் திரையில் திறந்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. மானிட்டருக்கு இழுத்தேன். பஞ்சு. லேப்டாப்புக்கு இழுத்தேன். பளிச். பார்ப்பது ஒரே ஜோடிக் கண், படமும் ஒன்றே. அப்புறம் எப்படி வெள்ளெழுத்து ஒரு திரையில் மட்டும் வரும்?

செட்டிங்ஸைத் திறந்தேன். மானிட்டரின் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில், இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று கம்ப்யூட்டரே எழுதி வைத்திருந்தது. அதை வெட்டி மட்டமாக்கிய புண்ணியவதி நான். பழையபடி அந்த எண்ணைப் போட்டேன். எழுத்து பொடியாகிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்குவதற்கென்று கீழே தனியாக இருந்த ஸ்கேலை நூற்று இருபத்தைந்து சதவீதம் ஆக்கினேன். படம் தெளிந்தது, ஆனால் வரையும் புரோகிராமின் மெனு மட்டும் பஞ்சாகவே இருந்தது. கம்ப்யூட்டர் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வந்து பார்த்தேன். ஊசி முனையால் எழுதினாற்போல இருந்தது. மவுஸ் மட்டும் ஓரத்தில் பழையபடி முட்டியது. முட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

மண்டபத்தை வெள்ளிக்கிழமை மத்தியானமே அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு தூணையும் இரண்டு தடவை சரிபார்த்திருந்தேன். அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடம் வருகிறது, தயாராக இருங்கள் என்றார் இன்ஜினீயர். துள்ளிக் குதிக்காத குறையாக வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இப்போது பாருங்கள் என்றேன். வாசற்படியிலிருந்து பார்த்தார்.

"அப்பவும் இப்படித்தானே இருந்துச்சு?"

கை காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வரச் சொல்லி நாற்காலியில் உட்கார வைத்தேன். கிட்டே வந்ததும் கண்ணைச் சுருக்கினார், தலையைப் பின்னால் இழுத்தார். கால் மைல் தூரத்தில் வரப்பில் நிற்கும் கொக்கின் கால் ஒன்றா இரண்டா என்று சொல்கிற மனுஷர். நான் என் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டினேன். பிறகு திரையில் விரலை வைத்து, மண்டபத்தின் ஓரமாக ஊர்ந்துகொண்டே போனார்.

"இத்தனை கோடு, இத்தனை எழுத்து... இதெல்லாம் எப்பம்மா போட்டே?"

இந்தக் கண் சொன்னதை நம்பியா நான் வேலையை விட இருந்தேன்! அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்று வந்தது. ஆனால் அவர் கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு வரைக்கும் போய்விட்டார், அங்கே எழுதியிருந்த அளவுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடிக்கட்டும் என்று நான் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.