பக்கத்து ராஜாவின் கிரீடம்

என் போனில் எனக்கு ஒரு ராஜ்யம் உண்டு. கள்ளக்குறிச்சியில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சோற்றை வடித்துவிட்டு, கிடைத்த நேரத்தில் கட்டிய ராஜ்யம். கோட்டை, அகழி, குதிரைப்படை எல்லாம் இருக்கிறது. ஆனால் எனக்குப் பைத்தியம் அரும்பொருள்கள் மேல்தான். வெள்ளிக் கொம்பு, உடைந்த வாள், பவளச் செங்கோல் என்று ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் காத்திருந்து பிடித்தது. வீட்டு பீரோவில் இருக்கும் வெள்ளிக் குத்துவிளக்கைத் துடைத்து எத்தனை நாளாயிற்றோ, போனில் இருக்கும் கொம்பைத் தினமும் எடுத்துப் பார்ப்பேன்.

வரிசையில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி, மயில் கிரீடம். அது பக்கத்து ராஜாவிடம் இருந்தது. படையெடுத்து ஜெயித்தால் நமக்கு வரும்.

அந்தப் பக்கத்து ராஜா மகா போக்கிரி. நான் மாமனாருக்குச் சாயந்திரக் காபியைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் என் களஞ்சியம் எரிந்துகொண்டிருக்கும். விளையாட்டில் என் படம் ஒரு மீசைக்காரன் என்பதால் "டேய் மீசை, அழுவாதடா" என்று எழுதுவான். நானும் சளைத்தவள் இல்லை. "டேய் அரைவேக்காடு, வரேன்டா" என்று பதில் போடுவேன். வேலைவெட்டி இல்லாத காலேஜ் பையன் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

வீட்டில் நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. மாமனார் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பேன். "சாப்பிட வாங்க மாமா" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு நீண்டதே இல்லை. கரும்பு வெட்டு முடிந்துவிட்டால் அவரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அறையிலேயே இருப்பார். ஆன்மிகச் சொற்பொழிவு கேட்கிறார் என்று ஊரெல்லாம் அவருக்கு நல்ல பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு கிரீடப் போட்டி முடிவதாக விளையாட்டில் அறிவித்தார்கள். அப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது நிரந்தரம். அதே ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் எல்லோரும் கல்வராயன் மலை அருவிக்குக் கிளம்பினார்கள். தலைவலி என்றேன். அத்தை விடவில்லை.

"அருவில குளிச்சா சரியா பூடும். வண்டில ஏறு."

அருவிப் பக்கம் டவர் சுத்தமாக இல்லை. மேலே சாலை வளைவில் கொஞ்சம் கிடைக்கும் என்று பஜ்ஜிக் கடைக்காரர் சொன்னார். அம்மாவுக்குப் போன் பேசப் போவதாகச் சொல்லிவிட்டு ஓடினேன். அங்கே ஈர வேட்டியோடு மாமா நின்றிருந்தார்.

"இன்னாம்மா, நீயும் டவர் தேடிக்கினு வந்தியா?"

"ஆமாங்க மாமா. அம்மாகிட்ட பேசணும்."

மரியாதையாகக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று படையை ஏவினேன். படை கிளம்பினால் எதிரியின் போனில் போர்ப்பறை முழங்கும். முழங்கியது, மாமாவின் கையில்.

"வந்துட்டான் பாரு மீசை" என்று பல்லைக் கடித்தபடி அவர் எதையோ தட்டினார். என் போன் அதிர்ந்தது. "வாடா, உனுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்" என்று வந்திருந்தது.

பதறிப்போய்ப் படையைத் திரும்ப அழைத்தேன். அவர் கையில் பறை சட்டென்று நின்றது. அவர் நிமிர்ந்து என் திரையில் இருந்த மீசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை டேய், எத்தனை அரைவேக்காடு! எனக்குக் காது சுட்டது.

"மாமா, தெரியாம சொல்லிட்டேங்க..."

அவர் தொண்டையைச் செருமினார். "உங்க அத்தைக்குத் தெரிய வாணாம்."

அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்ப அந்தக் கிரீடத்த குடுத்துடுங்க மாமா."

அவர் முகம் மாறிற்று. "கேக்கறது யாரு? மருமவளா, மீசையா?"

மருமகள் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன்.

"மீசைதாங்க."

"அப்ப அடிச்சி எடுத்துக்கடா."

முழுப் படையையும் ஏவினேன். மனிதர் ஒரு சிப்பாயைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கிரீடம் அவருக்கே நிரந்தரமாகிப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கீழே இறங்கும்போது அவர் வாய் மூடவில்லை. "அகழிய அகலமா வெட்டி இன்னாடா பிரயோஜனம்? பின்வாசல்ல ஒரு ஆளு கூட இல்லியே!" கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் அந்த இறக்கத்தில் பேசிய அளவுக்கு வராது. தோற்ற வயிற்றெரிச்சலிலும் எனக்கு அது பிடித்திருந்தது.

வாய் நிறைய "போடா" என்று சொல்லப் போனேன். அருவிக் கரையில் அத்தை நின்றிருந்தார்.

"சரிங்க மாமா" என்றேன்.