தெளிந்து வந்தால் பயமில்லை

குளத்தின் மண்கட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நன்றாக வேலை செய்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காது, ஏனென்றால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க மற்றவர்களிடம் "வேண்டாம்" என்று சொல்லும் வேலை பார்த்த எவருக்கும் என் பாடு விளங்கும். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து உள்ளே திரும்பும் பாதையில், விடுமுறைக்கு வருபவர்கள் படகு விடுவதற்கென்று வெட்டிய சின்னக் குளம் அது. ஒரு பக்கம் மண்ணால் கட்டியிருந்தார்கள். நீளம் இருநூறு காலடி; உயரம் இரண்டு ஆள். கட்டின் மேல்பக்கம் தண்ணீரும் படகுகளும். கீழ்ப்பக்கம், நாற்பது அடி தள்ளி, ஹபீபாவின் வீடு. கணவர் கடலுக்குப் போவார்; ஒரு மகள். ஹபீபா ஆடு வளர்த்தார், தோட்டம் செய்தார். நான் காவல் காத்தது குளத்தை என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அந்த வீட்டைத்தான்.

வேம்பு

மண்கட்டில் புல் வளரலாம், மரம் வளரக் கூடாது. புல்லின் வேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். மரத்தின் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிளக்கும்; ஒருநாள் இற்றுப்போனால், தண்ணீர் போக ஒரு குழாயையே செய்து வைத்துவிடும். அதனால் முளைத்த கன்றையெல்லாம் விரல் அளவிலேயே பிடுங்கிவிடுவேன். ஒரு வேம்பை மட்டும் விட்டுவிட்டேன். நான் நோயில் கிடந்த இரண்டு வருடத்தில் அது என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது, அதன் கீழே உட்கார ஒரு வாங்கும் போட்டாகிவிட்டது.

கத்தியோடு போன என்னை, குளத்தை நடத்திய முகாமையாளர் மறித்தார். நல்ல மனிதர், கொழும்பில் படித்தவர். வருகிறவர்கள் நிழல் கேட்கிறார்கள் என்றார். நான் வேரைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு மரம்தானே ஐயா, அதுவும் வேம்பு. கட்டுக்கும் கொஞ்சம் நல்ல காத்துப் படட்டுமே."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வெட்ட ஏலாது.

உடும்பின் வீடு

கட்டின் கீழ்ச்சரிவில் ஒரு உடும்பு வளை தோண்டியிருந்தது. கையை விட்டுப் பார்த்தால் தோள்மூட்டு வரை போனது. உடும்பு வெளியே போன நேரம் பார்த்து, களிமண்ணை ஈரமாக்கி, சாண் சாணாக உள்ளே இடித்து அடைத்தேன். அரை நாள் வேலை.

டவுனிலிருந்து வந்த ஒரு பெரியவர் குடையைப் பிடித்தபடி கடைசி வரை நின்று பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்: "நாங்களும் சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வரேக்க வீடு இப்பிடித்தான் அடைச்சுக் கிடந்தது தம்பி. உள்ளுக்கு வேற ஆக்கள். நீங்கள் செய்தது சரிதான், ஆனா உடும்பு வந்து பாக்கேக்க நான் இஞ்ச நிக்கமாட்டன்."

வானை மறிக்க வேண்டாம்

குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் வழிந்து போக, கட்டின் ஓர் ஓரத்தில் தாழ்வாக விட்டுச் சீமெந்து போட்டிருக்கும். அதை நாங்கள் வான் என்போம். வானில் குப்பை கூட அடையக் கூடாது. அடைத்தால் தண்ணீர் கட்டின் மேலால் ஏறும், மண் கரையும், கதை முடிந்தது. எனவே வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில், கையெழுத்தை இரண்டு முறை திருத்தி, நானே எழுதி நட்டேன்: வானை மறிக்க வேண்டாம்.

வெருகல் கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதினான்கு பேர் ஏறிய வாகனம், சீமெந்து நல்ல மட்டமாக இருக்கிறதென்று நேரே அதற்குள் இறங்கியது. நான் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்து முன்னால் நின்றேன். சாரதி ஹோனை அடித்தார், கண்ணாடியை இறக்கினார், என் பலகையைக் காட்டினார்.

"வானை மறிக்க வேண்டாமெண்டு நீங்களே எழுதி வச்சிருக்கிறியள். பிறகென்னத்துக்கு என்ர வானை மறிக்கிறியள்?"

உள்ளே இருந்த பதினான்கு பேரும் அவர் பக்கம். பலகையை எழுதியபோது அந்தச் சொல்லுக்கு நான் ஓர் அர்த்தம்தான் வைத்திருந்தேன். வாசிக்கிறவர் எங்கே நின்று வாசிக்கிறார் என்று யோசிக்கவில்லை.

வல்லாரை

ஒரு காலை ஹபீபா கீழேயிருந்து கூப்பிட்டார். கட்டின் அடியில், வேம்புக்கு நேர் கீழே, மண் நனைந்திருந்தது. பாய் அளவு இடத்தில் வல்லாரை தளதளவென்று படர்ந்திருந்தது. நான் ஒரு ஜாம் போத்தலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி போல் இருந்தது. இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: கசிவு தெளிந்து வந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது, கலங்கி வந்தால் கட்டும் சேர்ந்து வருகிறது.

"பயமில்லையா அண்ணன்?" என்று கேட்டார்.

"தெளிஞ்சுதான் வருது தங்கச்சி. தெளிஞ்சு வந்தாப் பயமில்லை."

அதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றப் பாதியைச் சொன்னால் அவர் அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டார் என்று நினைத்தேன். முகாமையாளரிடம் போய், நீர்மட்டத்தை இரண்டு அடி இறக்கி வேம்பைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்றேன். இறக்கினால் படகு தரை தட்டும், விடுமுறை முடியட்டும் என்றார். நானும் சரி என்றேன். திரும்பி வரும்போது ஹபீபா ஒரு பிடி வல்லாரையை என் கையில் தந்து சொன்னார்: "வாளி தூக்காமலே தோட்டம் முளைக்கிது அண்ணன். அல்லாட கிருபை. அடைச்சுக் கிடைச்சுப் போட்டிராதங்க."

மாரி

விடுமுறை முடிய முன்பே மழை வந்துவிட்டது. மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் விடிந்ததிலிருந்து நான் வானடியில்தான் நின்றேன். வருகிற கொப்பையும் சருகையும் தடியால் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தேன். தண்ணீர் ஒழுங்காக வழிந்து போனது. என் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று ஒரு பெருமை கூட இருந்தது. வேம்படிக்குக் கீழே போய்ப் பார்க்க வேண்டும் என்பது மனதில் இருந்தது. வானை விட்டு நகர மனம் வரவில்லை.

காலை ஒன்பது மணியளவில் வேம்பு அசைந்தது. காற்று இல்லை. நான் கத்திக்கொண்டே கீழே ஓடினேன். ஹபீபா அடுப்படியில் இருந்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதை மேட்டுக்கு ஏறினேன். கணவர் கரையில், மகள் உறவினர் வீட்டில். திரும்பிப் பார்த்தபோது மரம் நின்ற இடத்தில் கட்டு உடைந்து, ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. சின்னக் குளம்தான். முக்கால் மணித்தியாலத்தில் வற்றிவிட்டது. அதற்குள் ஹபீபாவின் அடுப்படியும் பின் அறையும் போய்விட்டன. கிணறு சேற்றால் நிரம்பிவிட்டது. பின் வேலியில் கட்டியிருந்த ஆடுகள் மூன்றும் கட்டிய கயிற்றோடு போய்விட்டன.

பக்கத்து வீட்டுக் கதிரையில் ஈர உடுப்போடு உட்கார்ந்திருந்த ஹபீபாவிடம், கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்: வல்லாரைக்குள் தண்ணீர் எப்போது கலங்கியது?

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு வரி விளங்காத பிள்ளை போலப் பார்த்தார்.

"ஏழு மணிக்கே கலங்கித்தான் இரிந்திச்சி அண்ணன். மழைத் தண்ணி எண்டு நினைச்சன். தெளிஞ்சு வந்தாப் பயமில்ல எண்டு சொன்னீங்க. கலங்கி வந்தா என்ன எண்டு நீங்க சொல்லல்லயே. சொல்லியிரிந்தா ஆட்டையாவது அவிழ்த்து விட்டிரிப்பன்."

இப்போது நான் யாருக்கும் எதையும் பாதியில் நிறுத்துவதில்லை, அதனால் என்னோடு கதைக்க வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.